தனியாளாக வார இறுதி கேம் ஜாம்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சிங்கப்பூரில் இருந்துகொண்டு, குழு எதுவும் இல்லாமல், ஒரு சனி ஞாயிறுக்குள் ஒரு சின்ன வீடியோ கேம் செய்து முடிக்க முடியுமா என்று நண்பர்களும் அவர்களுடைய பிள்ளைகளும் என்னைக் கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள். வாட்ஸ்அப்பில் தனித்தனியாக எழுதிய பதில்களையெல்லாம் சேர்த்து இங்கே ஒரே இடத்தில் வைத்திருக்கிறேன். இதுவரை ஏழு ஜாம்களில் தனியாகக் கலந்துகொண்டு ஐந்தை முடித்திருக்கிறேன். முடிக்காத இரண்டும் எனக்கு நிறையக் கற்றுக்கொடுத்தன, அதுவும் கீழே வரும்.

கேம் ஜாம் என்றால் சரியாக என்ன?

குறித்த நேரத்துக்குள், பெரும்பாலும் 48 அல்லது 72 மணி நேரத்துக்குள், ஒரு விளையாட்டை முதலிலிருந்து செய்து எல்லாரும் விளையாடும்படி வெளியிடுவது. எதைப் பற்றிச் செய்ய வேண்டும் என்ற தலைப்பு, கடிகாரம் ஓடத் தொடங்கும்போதுதான் தெரியவரும். 2002இல் கலிபோர்னியாவில் ஓக்லாண்டில் சில நிரலாளர்கள் கூடி நடத்திய இண்டி கேம் ஜாமைத்தான் பொதுவாக முதலாவதாகச் சொல்வார்கள். அதே ஆண்டில் இணையத்தில் லூடம் டேர் தொடங்கியது. குளோபல் கேம் ஜாம் 2009 முதல் ஆண்டுதோறும் ஜனவரிக் கடைசியை ஒட்டி உலகம் முழுக்க ஒரே சமயத்தில் நடக்கிறது, அது நேரில் கூடிச் செய்வதற்குப் பேர்போனது. கேம் மேக்கர்ஸ் டூல்கிட் என்ற யூடியூப் அலைவரிசை நடத்தும் ஜிஎம்டிகே ஜாம் 2017இல் வந்தது. இவை தவிர, விளையாட்டுகளை ஏற்றி வெளியிட உதவும் இட்ச் டாட் ஐஓ (சுருக்கமாக இட்ச்) தளத்தின் ஜாம் நாட்காட்டியைத் திறந்தால் எந்த வார இறுதியிலும் ஏதாவது ஒன்று நடந்துகொண்டிருக்கும்.

குழு இல்லாமல் போனால் வீணாகிவிடுமா?

இல்லை. லூடம் டேரில் தனியாளுக்கென்றே 48 மணி நேரப் பிரிவு ஒன்று நீண்ட காலம் நடந்துவந்தது, நிரல், படம், ஒலி எல்லாம் அந்த ஒருவரே அந்த நேரத்துக்குள் செய்ய வேண்டும் என்பது அதன் விதி. பாபா இஸ் யூ என்ற புதிர் விளையாட்டு 2017இல் நோர்டிக் கேம் ஜாமில் ஆர்வி தெய்க்காரி என்ற பின்லாந்துக்காரர் செய்தது. விளையாட்டின் விதிகளே தள்ளக்கூடிய சொற்களாகத் திரையில் கிடக்கும், சொல்லை நகர்த்தினால் விதி மாறும். அங்கேயே முதலிடம் பெற்று, 2019இல் முழு விளையாட்டாக வெளிவந்தது.

தனியாகச் செய்வதில் பெரிய சௌகரியம், யாரிடமும் கேட்காமல் எதை வேண்டுமானாலும் வெட்டி எறியலாம். பெரிய ஆபத்தும் அதே இடத்தில்தான் இருக்கிறது. "போதும், நிறுத்து" என்று சொல்ல ஆள் இல்லை.

எவ்வளவு சின்னதாக இருக்க வேண்டும்?

என்னிடம் வரும் கேள்விகளில் முக்கியமானது இதுதான், அதனால் கொஞ்சம் நீளமாகச் சொல்கிறேன்.

உங்கள் விளையாட்டை ஒரே வினைச்சொல்லில் சொல்ல முடிய வேண்டும். தாண்டு, எறி, இழு, ஒளி, அடுக்கு, காத்திரு. கதையும் உலகமும் பாத்திரங்களும் அப்புறம் வரட்டும். ஆட்டக்காரரின் விரல் என்ன செய்கிறது? அதற்கு ஒரே சொல்லில் பதில் வந்தால் வார இறுதிக்குள் முடியும். இரண்டு சொல் வந்தால் சிரமப்பட்டு முடிக்கலாம். "ஓடி, சுட்டு, பொருள் சேர்த்து, கடையில் வாங்கி" என்று போனால் ஞாயிறு இரவு கையில் நான்கு அரைகுறைகள்தான் இருக்கும். நான் முடிக்காமல் விட்ட இரண்டு ஜாம்களிலும் நடந்தது இதுதான்: ஒன்றில் மூன்று வினைகள், இன்னொன்றில் ஐந்து.

ஒற்றை வினை என்றால் அலுத்துப்போகாதா என்று கேட்பார்கள். 2013 டிசம்பரில் லூடம் டேரின் தலைப்பு "உனக்கு ஒன்றுதான் கிடைக்கும்" என்ற பொருளில் வந்தது. அதற்குச் செய்த டைட்டன் சோல்ஸ் விளையாட்டில் ஆட்டக்காரரிடம் ஒரே ஒரு அம்புதான் இருக்கும், எய்தால் போய் எடுத்து வர வேண்டும். அந்த ஒரு அம்பை வைத்தே பின்னால் முழு விளையாட்டும் வந்தது. வினை ஒன்றாக இருக்கும்போது அதைச் சுற்றியிருக்கும் சூழ்நிலையை மாற்றி மாற்றிக் கொடுக்கலாம், ஆட்டத்தின் ருசி அங்கேதான் இருக்கிறது.

இன்னொரு கணக்கும் வைத்துக்கொள்ளுங்கள். தெரியாத ஒருவர் உங்கள் விளையாட்டுக்குக் கொடுக்கப்போவது மூன்று நான்கு நிமிடம், ஏனென்றால் அவர் முன்னால் நூற்றுக்கணக்கான விளையாட்டுகள் கிடக்கின்றன. அந்த நான்கு நிமிடத்தை மட்டும் செய்யுங்கள்.

தலைப்பு அறிவித்ததும் என்ன செய்ய வேண்டும்?

கணினியைத் தொடாதீர்கள். தாளும் பேனாவும் எடுத்துக்கொண்டு கீழே காப்பிக்கடைக்குப் போய் ஒரு தே ஓ (பால் இல்லாத தேநீர்) சொல்லிவிட்டு உட்காருங்கள். முதலில் தோன்றும் யோசனை உலகத்தில் பாதிப் பேருக்குத் தோன்றியிருக்கும், எழுதி ஓரமாக வையுங்கள். இரண்டாவது, மூன்றாவதும் அப்படித்தான். ஐந்தாறு எழுதிய பிறகுதான் உங்கள் வாழ்க்கையிலிருந்து ஏதாவது வரும்.

எனக்கு வந்ததைச் சொல்கிறேன். ஒரு ஜாமில் தலைப்பு "கீழ்நோக்கி" என்ற பொருளில் வந்தது. குகை, கிணறு, கடலடி எல்லாம் எழுதினேன். அப்புறம் நான் வளர்ந்த புளோக் ஞாபகம் வந்தது. பழைய வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) அடுக்குமாடிகள் பலவற்றில் லிப்ட் எல்லா மாடியிலும் நிற்காது, 1, 5, 9 என்று சில மாடிகளில் மட்டும்தான் நிற்கும். 2001இல் தொடங்கிய மேம்பாட்டுத் திட்டத்துக்குப் பிறகுதான் இந்த நிலை மெல்ல மெல்ல மாறியது. ஏழாம் மாடியில் வீடு என்றால் ஐந்தில் இறங்கி இரண்டு மாடி ஏறலாம், இல்லை, ஒன்பதுக்குப் போய் இரண்டு மாடி இறங்கலாம். கையில் சந்தைப் பை இருக்கிறவர்கள் எல்லாம் ஒன்பதுக்குத்தான் போவார்கள்.

இதை விளையாட்டாக்கினேன். தேக்கா சந்தையில் மீன் வாங்கி வரும் பையன், ஐஸ் உருகுவதற்குள் ஒவ்வொரு வீட்டிலும் மீனைக் கொடுக்க வேண்டும். முதலில் ஏறு, இறங்கு என்று இரண்டு பொத்தான்கள் வைத்திருந்தேன். சனி மாலை வரைக்கும் ஏதோ ஒட்டவில்லை, ஏறுவதும் இறங்குவதும் ஒன்றுபோலவே இருந்தன. அப்போதுதான் உறைத்தது: தமிழில் லிப்டிலிருந்து வெளியே வருவதும் "இறங்கு", படியில் கீழே போவதும் "இறங்கு". ஒரே சொல். "ஏறு" பொத்தானைத் தூக்கிவிட்டேன். லிப்ட் தானாக மேலும் கீழும் போய்க்கொண்டிருக்கும், நிற்கும் மாடியில் பையன் காத்திருந்தால் அது அவனை ஏற்றிக்கொள்ளும், ஆட்டக்காரர் செய்வதெல்லாம் இறங்குவது மட்டும்தான். 8, 7, 6க்குப் போக 9இல் இறங்க வேண்டும், 4, 3, 2க்குப் போக 5இல். தவறவிட்டால் அடுத்த சுற்றுக்குக் காத்திருக்க வேண்டும், ஐஸ் உருகிக்கொண்டிருக்கும். அந்த ஒரு வெட்டில் விளையாட்டு உயிர்பெற்றது, தலைப்புக்கும் பொருந்தியது, எழுத வேண்டிய நிரலும் பாதியாகக் குறைந்தது.

எந்த எஞ்சின் எடுக்கலாம்?

எஞ்சின் என்றால் விளையாட்டைச் செய்ய உதவும் மென்பொருள். உங்களுக்கு ஏற்கெனவே தெரிந்ததை எடுங்கள். ஜாம் நடக்கும்போது புது எஞ்சின் கற்றுக்கொள்ளாதீர்கள்.

எதுவுமே தெரியாது என்றால் கோடோ. அர்ஜென்டினாவில் பிறந்து, 2014இல் திறந்த மூலமாக வெளியிடப்பட்டது, இலவசம், சாதாரண மடிக்கணினியிலும் ஓடும், முக்கியமாக நீங்கள் செய்ததை உலாவியிலேயே ஓடும்படி ஏற்றுமதி செய்யலாம். ஜாமுக்கு இரண்டு வாரம் முன்பு ஒரு பந்து, ஒரு மட்டை, ஒரு சுவர் வைத்து ஏதாவது ஒன்றைச் செய்து இட்சில் ஏற்றிப் பாருங்கள், அது போதும். கட்டுப்பாடு பிடிக்கும் என்றால் பிக்கோ-8 அருமையானது: 128க்கு 128 புள்ளி திரை, 16 நிறம், அவ்வளவுதான். கட்டணம் உண்டு, ஆனால் படம், ஒலி, நிரல் எல்லாவற்றுக்கும் கருவி உள்ளேயே இருக்கிறது. செலெஸ்ட் விளையாட்டின் முதல் வடிவத்தை இரண்டு பேர் நான்கு நாளில் அதில்தான் செய்தார்கள். நிரலே எழுத வராது என்றால் ட்வைன் அல்லது பிட்சி, இரண்டிலும் கதையை வைத்தே விளையாட்டு செய்யலாம்.

சிங்கப்பூர் நேரத்துக்கு ஜாம் எப்படி ஒத்துவரும்?

பதிவு செய்யும் முன்பே கணக்குப் போடுங்கள். லண்டனில் கோடைக்கால வெள்ளி மாலை 6 மணிக்குத் தொடங்கும் 48 மணி நேர ஜாம் நமக்கு சனி அதிகாலை 1 மணிக்குத் தொடங்கி, திங்கள் அதிகாலை 1 மணிக்கு முடியும். குளிர்காலத்தில் 2 மணி. இதில் ஒரு நல்லது உண்டு: சனி, ஞாயிறு இரண்டு பகலும் முழுசாகக் கையில் இருக்கும். தலைப்பைப் பார்க்க அதிகாலை விழித்திருக்க வேண்டியதில்லை, தூங்கி எழுந்து பாருங்கள். கடைசி நேரத்தைப் பொறுத்தவரை, ஞாயிறு இரவு 10 மணிதான் முடிவு என்று நீங்களே வைத்துக்கொள்ளுங்கள். திங்கள் காலை வேலைக்கோ பள்ளிக்கோ எம்ஆர்டி பிடிக்க வேண்டியிருக்கிறது.

நேரத்தை எப்படிப் பிரிப்பது?

சனி மதியத்துக்குள் அந்த ஒற்றை வினை திரையில் நடக்க வேண்டும், வெறும் சாம்பல் நிறக் கட்டங்களாக இருந்தாலும் பரவாயில்லை. சனி இரவு தூங்கப் போகும் முன் தொடக்கம், ஆட்டம், தோல்வி, மறுபடி தொடக்கம் என்ற வட்டம் முழுசாகச் சுற்றியிருக்க வேண்டும். அதை அப்படியே, அசிங்கமாக இருந்தாலும், சனி இரவே இட்சில் வரைவாக ஏற்றிவிடுங்கள். இந்த ஒரு பழக்கம் என்னைப் பலமுறை காப்பாற்றியிருக்கிறது, ஏனென்றால் உங்கள் கணினியில் ஓடுவதும் உலாவியில் ஓடுவதும் வேறு வேறு, அந்த வித்தியாசம் ஞாயிறு இரவு 9 மணிக்குத் தெரியவந்தால் சரிசெய்ய நேரம் இருக்காது.

ஞாயிறு காலை படம், ஒலி, கஷ்டத்தைக் கூட்டுவது குறைப்பது. மதியம் 3 மணிக்கு மேல் புதிதாக எதையும் சேர்க்காதீர்கள். அதற்கப்புறம் பிழை திருத்துவது, அடுத்தவரிடம் கொடுத்துப் பார்ப்பது, பக்கத்துக்கான படமும் விளக்கமும் தயார் செய்வது.

தூங்குங்கள். இரண்டு இரவும் குறைந்தது ஆறு மணி நேரம். அதிகாலை 3 மணிக்கு எழுதிய நிரலை நான் காலையில் அழித்திருக்கிறேன், ஒவ்வொரு முறையும்.

தேசிய சேவையில் இருக்கிறேன், ஞாயிறு இரவு முகாமுக்குத் திரும்ப வேண்டும். எனக்கு ஏதாவது?

டிரைஜாம் என்று வாரந்தோறும் நடக்கும் ஒன்று இருக்கிறது, மூன்று மணி நேரத்தில் ஒரு விளையாட்டு. சனி மதியம் சாப்பிட்டு உட்கார்ந்தால் மாலைக்குள் முடிந்துவிடும். வினையைச் சுருக்கப் பழகுவதற்கு இதைவிட நல்ல பயிற்சி எனக்குத் தெரியாது, முகாமில் இல்லாதவர்களுக்கும் இதையே சொல்வேன்.

எனக்கு வரையவே வராது. என்ன செய்ய?

மூன்று நிறம், தெளிவான வடிவம், அவ்வளவு போதும். ஒரு சதுரம் நடக்கும்போது கொஞ்சம் சாய்ந்தால், நிற்கும்போது லேசாக நசுங்கி நிமிர்ந்தால், பார்ப்பவர் அதற்கு உயிர் கொடுத்துவிடுவார். என் விளையாட்டில் வரும் பையனுக்கு முகம் கிடையாது, கையில் ஒரு சிவப்புப் பை மட்டும், அது நடைக்கு ஏற்ப ஆடும்.

ஜாம் விதி அனுமதித்தால் கென்னி என்ற தளத்தில் ஆயிரக்கணக்கான படங்கள் சிசி ஜீரோ உரிமத்தில் கிடைக்கின்றன, யாரிடமும் கேட்க வேண்டாம், பெயர் போட வேண்டிய கட்டாயமும் இல்லை. ஆனால் ஒரே தொகுப்பிலிருந்து எடுங்கள், நான்கு இடத்தில் பொறுக்கினால் நான்கு விளையாட்டு ஒட்டுப்போட்டது போலத் தெரியும்.

ஒலியும் இசையும்?

ஒலியை விட்டுவிடாதீர்கள், படத்தைவிட ஒலிக்குத்தான் நான் முன்னுரிமை கொடுப்பேன். எஸ்எஃப்எக்ஸ்ஆர் என்ற சின்னக் கருவி 2007 டிசம்பரில் ஒரு லூடம் டேரின்போதே, ஜாம் செய்கிறவர்களுக்காகவே எழுதப்பட்டது. பொத்தானை அழுத்த அழுத்தக் காசு எடுக்கும் சத்தம், குதிக்கும் சத்தம், வெடிக்கும் சத்தம் என்று வந்துகொண்டே இருக்கும், பிடித்ததைச் சேமித்துக்கொள்ளலாம். இப்போது ஜேஎஸ்எஃப்எக்ஸ்ஆர் என்று உலாவியிலேயே ஓடும் வடிவமும் உண்டு.

அதைவிட நல்லது உங்கள் கைப்பேசி. லிப்ட் கதவு மூடும் சத்தம், சந்தையில் மீன் வெட்டும் சத்தம், படிக்கட்டில் செருப்பு சத்தம் எல்லாம் நானே பதிவு செய்தவை, ஆடாசிட்டி என்ற ஒலித் திருத்த மென்பொருளில் வெட்டி ஒழுங்குபடுத்த அரை மணி நேரம் ஆனது. எங்கள் ஊர் சத்தம் எந்தத் தொகுப்பிலும் கிடைக்காது. இசைக்கு நேரம் இல்லாவிட்டால் விட்டுவிடலாம், நல்ல சூழல் ஒலி போதும்.

விளையாட்டில் தமிழ் எழுத்து வைக்க முடியுமா?

முடியும், வைக்க வேண்டும் என்பதே என் ஆசை. ஆனால் மூன்று இடங்களில் கால் தடுக்கும்.

முதலாவது எழுத்துரு. என் விளையாட்டில் பாட்டி கதவைத் திறந்து "வாப்பா, மூச்சு வாங்குதா?" என்று கேட்பார். என் கணினியில் அழகாக வந்தது. உலாவியில் ஏற்றிப் பார்த்தால் வரிசையாகக் காலிக் கட்டங்கள். காரணம் எளிமையானது: கோடோவுடன் வரும் எழுத்துருவில் தமிழ் கிடையாது, கணினியில் ஓடும்போது அது இயங்குதளத்தின் தமிழ் எழுத்துருவைக் கடன் வாங்கிக்கொள்கிறது, உலாவியில் அந்தக் கடன் கிடைக்காது. நோட்டோ சான்ஸ் தமிழ் எழுத்துருவை இலவசமாகத் தரவிறக்கி, திட்டத்தின் கோப்புறையிலேயே வைத்து, அமைப்பில் பொது எழுத்துருவாகக் குறித்துவிட்டால் சரியாகிவிடும். சனி இரவே ஏற்றியதால்தான் இது எனக்கு நேரத்தோடு தெரிந்தது.

இரண்டாவது, கொம்பு இடம் மாறுவது. யூனிகோடில் "கெ" என்பது முதலில் க, பிறகு கொம்பு என்ற வரிசையில் சேமிக்கப்படுகிறது, திரையில் காட்டும்போது கொம்பை முன்னால் கொண்டுவருவது எழுத்தை வடிவமைக்கும் மென்பொருளின் வேலை. கோடோ 4 அதைச் செய்கிறது, கோடோ 3 செய்யாது. யூனிட்டி என்ற எஞ்சினில் பலரும் பயன்படுத்தும் டெக்ஸ்ட்மெஷ் ப்ரோவும் செய்யாது, கொம்பு பின்னால் போய் நிற்கும். அப்படிப்பட்ட எஞ்சின் என்றால் வேண்டிய வரிகளை வேறொரு செயலியில் தட்டச்சு செய்து படமாகச் சேமித்து, படமாகவே வைத்துவிடுங்கள். பத்து வரிதானே, பதினைந்து நிமிட வேலை.

மூன்றாவது, எழுத்து எழுத்தாகத் தோன்றும் உரையாடல். ஆங்கிலத்தில் அது அழகாக இருக்கும். தமிழில் அப்படியே செய்தால் "க்" வருவதற்கு முன் ஒரு கணம் "க" தெரியும், அப்புறம் புள்ளி வந்து உட்காரும், ஏனென்றால் கணினிக்குப் புள்ளியும் கொம்பும் தனித்தனிக் குறிகள். "தமிழ்" என்பது நமக்கு மூன்று எழுத்து, கணினிக்கு ஐந்து. படிப்பவர் கண் தடுமாறும். சொல் சொல்லாகத் தோன்றும்படி வைத்துவிடுங்கள், பேச்சின் தாளத்துக்கும் அதுதான் பொருத்தமாக இருக்கிறது.

ஆங்கிலம் மட்டும் தெரிந்தவர்கள் என்ன செய்வார்கள் என்று கேட்டால், சின்னதாக ஆங்கில வரியும் கீழே போடுங்கள். என் விளையாட்டுக்கு வந்த கருத்துகளில் நிறையப் பேர் அந்த எழுத்து எந்த மொழி என்று கேட்டிருந்தார்கள், அது எனக்குப் பெரிய சந்தோஷம்.

எல்லாம் சரியாக ஓடுகிறது, ஆனாலும் கையில் ஒட்டவில்லை. ஏன்?

பெரும்பாலும் மன்னிப்பு போதவில்லை. தாண்டும் விளையாட்டு என்றால், விளிம்பைவிட்டு விழத் தொடங்கிய பிறகும் ஒரு 0.1 நொடி வரை தாண்ட விடுங்கள். அதேபோல் தரையைத் தொடுவதற்குச் சற்று முன்பே பொத்தானை அழுத்தினாலும் அதை நினைவில் வைத்துத் தொட்டவுடன் தாண்ட வையுங்கள். ஆட்டக்காரர் இதைக் கவனிக்கவே மாட்டார், "நல்லா இருக்கு" என்று மட்டும் சொல்வார். என் லிப்டிலும் கதவு மூடத் தொடங்கிய பின் 0.15 நொடி இறங்க விட்டிருக்கிறேன்.

இன்னொன்று, வேகம். நகர்வைச் சட்டகத்துக்கு, அதாவது திரையில் அடுத்தடுத்து தோன்றும் ஒவ்வொரு படத்துக்கும், இவ்வளவு என்று எழுதினால் நொடிக்கு 60 படம் காட்டும் 60 ஹெர்ட்ஸ் திரையில் சரியாக இருப்பது 120 ஹெர்ட்ஸ் திரையில் இரண்டு மடங்கு வேகமாக ஓடும். நொடிக்கு இவ்வளவு என்று எழுதி, கடந்த நேரத்தால் பெருக்குங்கள்.

யாரிடம் கொடுத்துப் பார்ப்பது?

விளையாட்டைப் பற்றி எதுவும் தெரியாத ஒருவரிடம். கொடுத்துவிட்டு வாயை மூடிக்கொண்டு பக்கத்தில் உட்காருங்கள், இதுதான் கஷ்டம். "அதை அழுத்து" என்று ஒரு வார்த்தை சொன்னாலும் சோதனை கெட்டுவிடும்.

ஞாயிறு மதியம் பக்கத்து வீட்டுப் பத்து வயதுப் பையனை அழைத்து மடிக்கணினியைக் கொடுத்தேன். ஏழாம் மாடிக்கு மீன் போக வேண்டும். லிப்ட் ஆறைத் தாண்டியது, அவன் பொத்தானை அழுத்தினான். ஏழு வந்தது, மறுபடி மறுபடி அழுத்தினான். லிப்ட் நிற்காமல் மேலே போனது. "அங்கிள், இது ஸ்பாயில் ஆயிருச்சு" என்றான். எனக்கு அப்போதுதான் புரிந்தது, லிப்ட் எல்லா மாடியிலும் நிற்கும் காலத்தில் பிறந்த பிள்ளை அவன். நான் எல்லாருக்கும் தெரியும் என்று நினைத்திருந்த விஷயம் அவனுக்குத் தெரிய வழியே இல்லை. வெளிநாட்டில் விளையாடுகிறவருக்கும் அதே நிலைதான்.

இரண்டு மாற்றம் செய்தேன். லிப்ட் நிற்கும் மாடிகளில் மட்டும் விளக்கு எரியும். தொடக்கத்தில் பாட்டி மேலேயிருந்து எட்டிப் பார்த்துச் சொல்வார்: "லிப்ட் நம்ம மாடியில நிக்காதுப்பா, ஒன்பதுல இறங்கி நடந்து வா." மாலையில் அவனே மறுபடி வந்து விளையாடினான், யாரும் எதுவும் சொல்லாமலே ஒன்பதில் இறங்கினான்.

எங்கே உட்கார்ந்து செய்வது? வீட்டில் இடமில்லை.

விக்டோரியா ஸ்திரீட் தேசிய நூலகமும் வட்டார நூலகங்களும் நல்ல இடம், ஆனால் வார இறுதியில் மின்செருகி உள்ள இருக்கை வேண்டுமென்றால் திறக்கும் நேரத்துக்கே போய்விடுங்கள், தேர்வுக் காலத்தில் மாணவர்கள் வரிசையில் நிற்பார்கள். சத்தமாகச் சோதிக்க முடியாது, ஹெட்ஃபோன் கொண்டுபோங்கள். வீட்டில் என்றால் முன்பே சொல்லிவைத்துவிடுங்கள்: இந்த ஞாயிறு கல்யாணம், பிறந்தநாள் எதற்கும் வரவில்லை, அடுத்த வாரம் பாத்திரம் எல்லாம் நான்தான் கழுவுவேன் என்று. சொல்லாமல் அறைக் கதவைச் சாத்தினால் அரை மணிக்கு ஒருமுறை தட்டப்படும்.

ஏற்றும்போது என்ன தவறாகப் போகும்?

உலாவியில் ஓடும் விளையாட்டை ஜிப் கோப்பாக ஏற்ற வேண்டும், முதன்மைக் கோப்பின் பெயர் இண்டெக்ஸ் டாட் எச்டிஎம்எல் என்றே இருக்க வேண்டும், அதுவும் சிறிய எழுத்தில். விண்டோஸில் பெரிய எழுத்து, சிறிய எழுத்து வித்தியாசம் பார்க்காது, இட்ச் சேவையகம் பார்க்கும், அதனால் உங்கள் கணினியில் தெரிந்த படம் அங்கே காணாமல் போகும். ஜிப்பை விரித்தால் ஆயிரம் கோப்புக்கு மேல் இருக்கக் கூடாது. உலாவிகள் ஆட்டக்காரர் எதையாவது தொடும்வரை ஒலியை விடாது, ஆகவே "தொடங்கு" என்று ஒரு பொத்தான் அவசியம். கோடோவில் 4.3க்கு முந்தைய 4 வரிசைப் பதிப்பு என்றால் இட்ச் பக்கத்தில் ஷேர்ட் அரே பஃபர் என்ற தேர்வை டிக் செய்ய வேண்டும், செய்யாவிட்டால் தொடங்கவே தொடங்காது.

கடைசி அரை மணி நேரத்தில் எல்லாரும் ஒரே சமயத்தில் ஏற்றுவார்கள், தளம் மெதுவாகும். முந்திக்கொள்ளுங்கள்.

ஏஐ பயன்படுத்தலாமா?

ஜாமுக்கு ஜாம் விதி வேறு, படித்துப் பாருங்கள், பயன்படுத்தினால் மறைக்காமல் சொல்லுங்கள். நான் பயன்படுத்துவதில்லை. அந்தச் சிவப்புப் பையை நானே கோணலாக வரைந்ததுதான் அந்த வார இறுதியில் எனக்குக் கிடைத்தது, அதை வேறு யாருக்கும் கொடுக்க மனமில்லை.

முடிக்க முடியாவிட்டால்?

ஞாயிறு மாலை 5 மணிக்கு நிலைமை மோசமாக இருந்தால் இருக்கிறதிலேயே நன்றாக ஓடும் ஒரு நிமிடத்தை எடுத்துக்கொள்ளுங்கள், மற்றதை நிரலிலிருந்து அறுத்து எறியுங்கள், தொடக்கத் திரையும் முடிவுத் திரையும் ஒட்டுங்கள். அது முடிந்த விளையாட்டுதான். அதுவும் முடியவில்லை என்றால் கோப்புறையை அழிக்காமல் வையுங்கள். முடிக்காத ஒரு ஜாமில் நான் எழுதிய லிப்ட் நகரும் நிரல்தான், ஒன்றரை வருடம் கழித்து எதை மறுபடி எழுத வேண்டும் என்பதை எனக்குக் காட்டியது.

மதிப்பெண் குறைவாக வந்தால் மனசு உடைந்துபோகிறதே?

உடையும், எனக்கும் உடைந்தது. ஆனால் மதிப்பெண்ணைவிடக் கருத்துகளை மெதுவாகப் படியுங்கள். மூன்று பேர் ஒரே இடத்தில் மாட்டியிருந்தால் அங்கே நிஜமாகவே ஏதோ இருக்கிறது. கருத்து வர வேண்டுமென்றால் நீங்கள் முதலில் மற்றவர்களுடையதை விளையாட வேண்டும், லூடம் டேரில் 20 மதிப்பீடாவது வந்தால்தான் தரவரிசையே உண்டு. ஒவ்வொன்றிலும் இரண்டு வரியாவது உருப்படியாக எழுதுங்கள், எழுதியவர்கள் தேடி வந்து உங்களுடையதையும் விளையாடுவார்கள்.

ஜாம் முடிந்த பிறகு அந்த விளையாட்டை என்ன செய்வது?

ஒரு வாரம் தொடாதீர்கள். அப்புறம் திறந்து பாருங்கள், மறுபடி விளையாடத் தோன்றினால் வளர்க்கலாம்.

என்னுடையதை ஒரு வாரம் கழித்து அம்மாவிடம் கொடுத்தேன். அம்மா விளையாட்டு எதுவும் விளையாடியதில்லை, பொத்தான் ஒன்றுதான் என்பதால் பிடித்துக்கொண்டார். மூன்றாவது வீட்டுக்கு மீன் கொடுத்துவிட்டு நிமிர்ந்து, "மீன் என்ன கனம், அப்பெல்லாம் பத்து கிலோ அரிசி மூட்டைய நானும் அப்பாவும் ஒன்பதாம் மாடியிலருந்து ஏழுக்கு இறக்குவோம், எட்டாம் மாடிப் படியில ஒக்காந்து ஒக்காந்து வருவோம்" என்றார். அதை இப்போது சேர்த்துக்கொண்டிருக்கிறேன். அரிசி மூட்டை கையில் இருந்தால் பையன் மாடிக்கு மாடி ஒரு நொடி உட்கார்ந்துதான் எழுவான். உட்காரும் படம் மட்டும் இன்னும் வரையவில்லை.